நாலாம் நம்பர் காற்று

அத்தியாயம் 4

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் தனசேகரனின் கடைக்கு மேல் ஒரு போர்டு. 'தனா ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'துப்பறியும் வேலையும் செய்து தரப்படும்'. பெரிய எழுத்துக்கு வந்தவர்கள் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். சின்ன எழுத்துக்கென்றே வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் வந்தது காணாமல் போன கோழிக்காக. துப்புக் கிடைப்பதற்குள் கோழி குழம்பாகிவிட்டது.

ஆனாலும் தனசேகரன் தன்னைப் புலி என்றே நம்பினான். வயரில் கரண்ட் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறவனுக்கு, மனுஷனிடம் பொய் எங்கே நிற்கிறது என்று தெரியாதா என்பது அவன் வாதம். தெரியாது என்பதற்குத்தான் ஊரில் நிறைய சாட்சி இருந்தது.

அந்த மார்கழிக் காலையில் ஊதுவத்தி கொளுத்தக்கூட விடாமல் ஒரு பெண் வந்து நின்றாள். முந்தானையில் ஏதோ முடிந்து வைத்திருந்தாள்.

"ஹாரனா, லைட்டா?" என்று கேட்டான் தனசேகரன்.

"கீழ சின்னதா எழுதிக்கிறீங்களே, அதுக்கு வந்தன்."

தனசேகரன் அவளையே பார்த்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தான். ஊதுவத்தியைக் கீழே போட்டுவிட்டு எரிந்துபோன தீக்குச்சியைப் பயபக்தியோடு ஸ்டாண்டில் செருகினான்.

"உக்காரும்மா. அண்ணன் இப்ப சரியாய்டுவாரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள் ராஜாம்பாள்.

ராஜாம்பாள் அவனுடைய உதவியாளர். முன்பு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள். "இந்தக் கலரு உங்களுக்கு எடுக்காது" என்று வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லியே வேலையை இழந்தவள். உண்மை பேசுகிற ஆள் துப்பறியத் தேவை என்று தனசேகரன் அவளைச் சேர்த்துக்கொண்டான். அந்த உண்மையெல்லாம் தன் தலையிலேயே விழும் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

வந்தவள் பெயர் சின்னப்பொண்ணு. கல்வராயன் மலைமேல் கரியாலூர். புருஷன் பச்சமுத்து, ஏமப்பேர் ராமசாமியின் வேனை மலைக்கும் டவுனுக்குமாக ஓட்டுகிறவன். அவள் முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னாது, செத்த எலியா?" என்று ராஜாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"முடிங்க. அவரு வண்டில ஹீட்டர் ஃபேனு ஓடலன்னு பஸ் ஸ்டாண்டுல வெச்சி பிரிச்சிக்கிறாரு. மோட்டாரச் சுத்திக்கினு இது கெடந்துது. முழ நீளம். அத்தினி பேரும் பாத்துட்டாங்க."

அவள் தன் பின்னலை இழுத்துக் காட்டினாள். தோளைத் தாண்டவில்லை.

"எனக்கு எறங்கவே எறங்காது. அப்ப இது எவுளுது? வண்டி ராவுல மொதலாளி ஷெட்டுல நிக்குது, சாவி அவரு வூட்டு ஆணில தொங்குது. காலைல வந்தா பேட்டரி எறங்கிக் கெடக்குதாம். கள்ளச்சாவி போட்டுக்கினு எவளையோ கூட்டியாந்து உள்ள ஃபேனப் போட்டுக் குந்திக்கினு இருந்தான்னு மொதலாளி வேலய வுட்டு எடுத்துட்டாரு. நானும் வூட்டுப் பக்கம் வராதன்னுட்டன். அவரு டவுன்ல பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக்கிறாரு."

"இப்ப எங்ககிட்ட இன்னா வேணும்?" என்றான் தனசேகரன்.

"வெள்ளிக்கெழம எங்கூர்ல கூட்டம். பொம்பள சமாச்சாரம்னா தாலிய அவுத்து அங்கயே வெச்சிடுவன். இல்லன்னா தப்பு என்னுது, அதயும் அங்கயே சொல்லிடுவன்." அவள் தரையைப் பார்த்தாள். "அவரு இல்லாம வூட்ல இருக்க முடியலங்க. அதான் வந்தன்."



தனசேகரன் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கறுப்பும் நடுநடுவே வெள்ளையும். மோந்து பார்த்துவிட்டு சின்னப்பொண்ணிடமே திருப்பிக் கொடுத்தான்.

"எண்ண வாசனயே இல்ல. நரை ஓடியிருக்கு. ஆக, நம்ம தேட வேண்டியது எண்ணெய் தேய்க்காத, நடுத்தர வயசுப் பொம்பள."

"கள்ளக்காதலிக்கும் வயசாவும்ல அண்ணே" என்றாள் ராஜாம்பாள்.

*

பச்சமுத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான், கேட்காததற்கு வாயைத் திறக்கவில்லை.

"ஹீட்டர யூஸ் பண்ணுவியா?"

"மலைல பனி மூடுனா கண்ணாடில காத்து வுடணும்ல. அதுக்குப் போடுவன். ஒண்ணுக்கு மேல திருப்புனா பேட்டரி எறங்கிடும், தொடாதன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஒண்ணுலதான் வெப்பன். அதுவும் நின்னு போச்சு. பிரிச்சி முடிய உருவிப் போட்டு மாட்டுனன், அப்பவும் ஓடல. அப்பறம் பனி படியாம பொகையிலய நனச்சி கண்ணாடில தேச்சி ஓட்டினு இருந்தன்."

"உனக்கு விரோதிங்க யாராவது?"

"இல்லீங்க."

"நரைச்ச தலை, எண்ணெய் வைக்காத பொம்பள யாரையாவது தெரியுமா?"

பச்சமுத்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவகிட்ட ஒருதரம் சொன்னன், எனக்குத் தெரியாதுன்னு. நம்பல. இன்னொருதரம் சொல்ல மாட்டன். இதுல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு கீது. கேக்க வேண்டியவ கேட்டா சொல்றன்."

தனசேகரன் அதை முக்கியமில்லை என்று ஒதுக்கிவிட்டான். புலிகள் அப்படித்தான்.

*

ஏமப்பேரில் ராமசாமியின் வீட்டுப் பக்கத்திலேயே தகர ஷெட். வேன் உள்ளே நின்றது. ராமசாமிக்கு நெஞ்சு வரை தாடி, நெற்றியில் பெரிய நாமம், தலையில் காவித்துண்டு முண்டாசு. பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். வாயைத் திறந்ததும் தும்மினார்.

"மார்கழிப் பனி" என்று மூக்கைத் துடைத்தார். "விடிகாலம் குளிச்சி பஜனைக்குப் போறன்ல. ஊட்டிக்காரன்கிட்ட வாங்குன வண்டி தம்பி இது. நம்மூரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குன்னு நானே சிரிச்சன். அதுக்கு சுவிட்சு எங்க கீதுன்னுகூட எனக்குத் தெரியாது. இந்தாங்க சாவி, பாருங்க, நான் கஷாயம் குடிச்சிட்டு வரன்."

அவர் தும்மிக்கொண்டே வீட்டுக்குள் போனார். தனசேகரன் வேனில் ஏறி, சாவியைத் திருப்பி, ஃபேன் திருகை ஒன்றாம் நம்பரில் வைத்தான். சத்தம் இல்லை. முகத்தில் பிரகாசம் வந்துவிட்டது.

"ராஜாம்பாள், கேஸ் முடிஞ்சுது. ஃபேன் செத்துடுச்சு. செத்த ஃபேன் பேட்டரிய எறக்காது. அப்படின்னா பேட்டரி எறங்குச்சுன்னு மொதலாளி சொன்னதே பொய். அதுலேர்ந்து நாம புரிஞ்சிக்க வேண்டியது என்னன்னா..."

ராஜாம்பாள் கையை நீட்டித் திருகைக் கடைசி வரை திருப்பினாள். ஊவென்று அலறிக்கொண்டு ஃபேன் சுற்றியது. காலடியில் கிடந்த புழுதி முழுவதும் தனசேகரனின் திறந்த வாய்க்குள் போனது.

"நாம புரிஞ்சிக்க வேண்டியது இன்னாண்ணே?" என்றாள் அவள்.

பதினைந்து வருஷமாக வண்டி வயரோடு குடும்பம் நடத்துகிறவன், ஒன்றில் ஓடவில்லை என்றதும் இரண்டு, மூன்று, நாலு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான். துப்பறியும் மூளை வேலை செய்யும்போது எலக்ட்ரீஷியன் மூளை லீவு போட்டுவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூளை என்பதால் வந்த சங்கடம்.

துப்பிக்கொண்டே இறங்கி வேலையில் இறங்கினான். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்ப் வைத்தான், எரிந்தது. மோட்டாரும் உயிரோடு இருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே இடது பக்கம் கைவிட்டு ஒரு சின்னத் தகட்டைக் கழற்றினான். அதிலிருந்த சுருள் கம்பி கருகி அறுந்திருந்தது.

"ரெசிஸ்டன்ஸ் போயிருக்கு" என்றான். இப்போது குரலில் புலி இல்லை, மெக்கானிக் இருந்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணுக்கெல்லாம் கரண்ட் இந்தச் சுருள் வழியா வந்து கொறையுது. நாலுக்கு மட்டும் நேரா மோட்டாருக்குப் போவுது. முடி சுத்தி மோட்டார் தெணறியிருக்கு, தெணறுனா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், சுருள் எரிஞ்சி போச்சு. இனிமே நாலுல மட்டுந்தான் ஓடும்."

"பச்சமுத்து ஒண்ணத் தாண்ட மாட்டானே."

"அவனுக்கு ஃபேன் செத்துப்போச்சு. ஆனா பேட்டரி எறங்கிக்கினேதான் இருந்திருக்கு." தனசேகரன் நிமிர்ந்தான். "அப்படின்னா இது நாலுல ஓடும்னு வேற யாருக்கோ தெரியும்."

இது நல்ல யோசனை என்று ராஜாம்பாளே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டு, அதைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

"காத்து உள்ள இழுக்கற வாயும் இந்த இடது பக்கந்தான், சீட்டுக்கு முன்னாடி, காலடில" என்றான் அவன். "இடது சீட்டுல ஒரு பொம்பள உக்காந்திருக்கா. உதிர்ந்த முடிய ஃபேனு இழுத்துக்கிச்சு. சாவி இந்த வூட்டு ஆணில. ஆக, அவ இந்த வூட்லதான் இருக்கா."

வீட்டில் இருந்த பெண்கள் இரண்டு பேர். ராமசாமியின் மனைவி பெரியநாயகி, பாத்திரம் துலக்குகிற தைலம்மாள். பெரியநாயகி தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்ததும் தனசேகரனுக்கு உடம்பு சிலிர்த்தது. மறைக்கிறாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தலைமுடிய ஒருதரம் பாக்கணும்."

"தாராளமா பாரு" என்று பெரியநாயகி முக்காட்டைத் தள்ளினாள். திருப்பதி போய்வந்த மொட்டை. அப்போதுதான் அரிசிமுனை அளவுக்கு முளைவிட்டிருந்தது.

தைலம்மாளுக்கு உச்சியில் ஒரு பிடி வெள்ளைமுடி. கொண்டை போட்டால் கோலிக்குண்டு அளவு வரும்.

"அண்ணே, முழம் போட டேப்பு எடுத்தாரட்டா?" என்று ராஜாம்பாள் காதருகே கேட்டாள்.

தனசேகரன் விடவில்லை. மொட்டை போட்டது போன மாதம். அதற்கு முன்பு? தைலம்மாளுக்கு மகள் இருந்தால்? கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"ஃபேன சரி பண்ணியாச்சு" என்று பொய் சொன்னான். "வூட்டு லச்சுமி கையால போட்டா நல்லது. இந்த ரவுண்டுத் திருகுதான், இடதுபக்கமா ஏறி ஒவ்வொருத்தரா வந்து போடுங்க."

தெரியாதவள் ஒன்றில் ஆரம்பிப்பாள். தெரிந்தவள் நேராக நாலுக்குப் போவாள். எளிமையான பொறி. தனசேகரனுக்குத் தன்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

பெரியநாயகி சாமி கும்பிட்டுவிட்டு ஒன்றில் வைத்தாள். காத்திருந்தாள். "ஓடலியேப்பா?" என்றாள். தைலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, வேறு எதையோ திருக, கண்ணாடித் துடைப்பான் கிரீச்சென்று ஆடியது. அவள் பயந்து கீழே இறங்கிவிட்டாள். நடிப்பு என்று தனசேகரன் முடிவு செய்தான். கண்ணைச் சுருக்கி அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் ஊவென்று ஃபேன் அலறியது. தனசேகரன் அப்போதும் தைலம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள் ராஜாம்பாள், "செத்த இந்தப் பக்கம் பாக்கறீங்களா?"

இடது கதவருகே ராமசாமி நின்றிருந்தார். ஒரு கையில் கஷாய டம்ளர். இன்னொரு கை திருகின்மேல். திருகு நாலில்.

"ஒரு ஃபேனு போட எத்தினி பேரு?" என்று அலுத்துக்கொண்டவர், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்தினார்.

"சுவிட்சு எங்க கீதுன்னே தெரியாதுன்னு சொன்னீங்க மொதலாளி" என்றாள் ராஜாம்பாள். "பாக்காமயே நாலுக்குப் போவுது கை."

ராமசாமி பதிலுக்குத் தும்மினார். அந்தத் தும்மலில்தான் தனசேகரனின் இரண்டு மூளைகளும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று சேர்ந்தன.

"இன்ஜின் ஓடுனாத்தான் ஹீட்டர்ல சூடு வரும். சாவிய மட்டும் திருப்பி ஃபேனப் போட்டா வரது வெறும் பனிக்காத்து" என்று மெதுவாகச் சொன்னான். "விடிகாலம் குளிச்சிட்டு அதுல ஈரத்தலைய நீட்டுனா தும்மல்தான் வரும். மொதலாளி, நாங்க தாடியப் பாத்தோம். முண்டாசுக்குள்ள இன்னான்னு யோசிக்கவே இல்ல."

"அவுருங்க" என்றாள் பெரியநாயகி.

ராமசாமி முண்டாசை அவிழ்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக முழ நீளத்துக்கு முடி தோளில் விழுந்தது. முழ நீள முடி என்றதும் ஒரு ஊரே பொம்பளையைத் தேடியிருக்கிறது. வேண்டுதலுக்கு முடி வளர்க்கிற ஆம்பளை தெருவுக்கு ஒருத்தன் இருக்கிற ஊர் அது. அதைத் தெருவுக்குத் தெரு பார்த்துக்கொண்டே தேடியவர்களில் முதல் ஆள், சின்ன எழுத்தில் போர்டு மாட்டியவன்.

"ஈரத்தோட முண்டாசு கட்டுனா தலவலி வந்துடுது" என்றார் ராமசாமி, தரையைப் பார்த்து. "வெயிலு வரதுக்குள்ள பஜனைக்குப் போவணும். புதுப்பொண்ணாட்டம் தல ஒணத்தறன்னு நாலு பேரு சிரிப்பானுங்க. அதான் வண்டிக்குள்ள போயி... பேட்டரி எறங்குனதும் இன்னா சொல்றதுன்னு தெரியாம அவம்மேல போட்டன். அப்பறம் முடி வந்துது. பொம்பளன்னானுங்க. வாய மூடிக்கினன்."

"இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டாள் ராஜாம்பாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு வேனைக் காட்டினார். "இந்த வண்டி ஒரு ரிப்பேரும் இல்லாம நல்லபடியா ஓடணும்னு."

ராஜாம்பாள் ஷெட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

"தம்பி, அவன மறுபடி வேலைக்கு வெச்சிக்கிறன். இது மட்டும் வெளிய..." என்று ராமசாமி இழுத்தார்.

பெரியநாயகி முடிக்க விடவில்லை. "ஒருத்தன் பொண்டாட்டி மொகத்தப் பாக்க முடியாம பஸ் ஸ்டாண்டுல பனில கெடக்கறான். உங்க மானம் உங்களுக்குப் பெருசா? வெள்ளிக்கெழம மலைக்குப் போறீங்க. முண்டாச அங்க அவுக்கறீங்க."

தனசேகரன் மோட்டாரைக் கழற்றி மிச்ச முடியை உருவினான். தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். புதுச் சுருள் மாட்டினான். ஒன்றில் வைத்தான். ஃபேன் மெல்ல ஓடியது. அந்தக் கேஸில் அவன் பிசகில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

*

வெள்ளிக்கிழமை பச்சமுத்துதான் வேனை ஓட்டினான். வழியெல்லாம் பனி. ஒன்றாம் நம்பரில் வந்த சூட்டில் கண்ணாடி தெளிவாக இருந்தது. 

கரியாலூர் கூட்டத்தில் பேசுவதற்கென்று தனசேகரன் மூன்று தடயங்களை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்து வைத்திருந்தான். எழுந்து, தொண்டையைக் கனைத்து, "முதல் தடயம்" என்றான். அதற்குள் ராமசாமி முண்டாசை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தத் தடயமும் யாருக்கும் தேவைப்படவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஊர்க்கவுண்டரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த முடியை ராமசாமியின் தோளருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"தப்பு என்னுது" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பச்சமுத்து அவளைப் பார்க்கவில்லை.

"இத்தினி நாளு எதுக்கு வாயத் தொறக்காம இருந்த?"

"நீ கேக்கல." அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். "அந்த முடிய மோட்டார்லேர்ந்து உருவுனது யாரு? நாந்தான. தப்புப் பண்ணவன் நடு பஸ் ஸ்டாண்டுல, ஊரே பாக்க, பிரிச்சி உருவுவானா? ஒளிச்சி வெச்சி பிரிச்சிருக்க மாட்டானா? இத நீ கேப்பன்னு பாத்துக்கினே இருந்தன்."

ஊர்க்கவுண்டர் வாயிலிருந்த துண்டை எடுத்தார். தனசேகரனுக்கு மூன்று தடயங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டைக்குள் இறங்கின.

சின்னப்பொண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேராகப் போய் வேனின் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "வூட்டுக்குப் போலாம் வா" என்றாள். பச்சமுத்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய் ஏறினான். கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது.

"பச்சமுத்து, என் வண்டி" என்று ராமசாமி ஆரம்பித்தார்.

"மொதலாளி நீங்கதான்" என்றாள் ராஜாம்பாள். "பேசாம இருங்க."

வேன் புறப்பட்டது. டவுனுக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். ராமசாமியின் முடி காற்றில் பறந்து முகத்தில் அடித்தது. ராஜாம்பாள் தன் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு கேக்கல, சரி. அவளுக்கு மனசு வெந்து கெடந்துது" என்றாள் ராஜாம்பாள். "உங்களுக்கு இன்னாண்ணே? ஒரு கேள்வி. டீக்கடைலயே முடிஞ்சிருக்கும்."

தனசேகரன் பதில் தேடினான். புலியிடம் பதில் இல்லை. மெக்கானிக்கிடம் ஒன்று இருந்தது.

"அங்கயே முடிஞ்சிருந்தா ரெசிஸ்டன்ஸ் மாத்திருக்க மாட்டம்மா. கண்ணாடி தெரியாமத்தான் வூட்டுக்குப் போயிருப்பாங்க."

 எதிரே கொண்டை ஊசித் திருப்பத்தில் வேன் ஒரு நிமிஷம் நின்று ஒடித்து இவர்கள் பக்கம் திரும்பியது. முன்கண்ணாடியில் பனி விலகியிருந்தது. உள்ளே இருவரும் தெரிந்தார்கள். அவன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான், அவள் அவனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.